கட்டுமரத்தை எங்கே வெட்டினார்கள்?



பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "சார், என் பையன் 'கேட்டமரன்' என்றால் இரண்டு உடல் உள்ள படகு என்று படிக்கிறான். கோவளத்தில் பார்த்த கட்டுமரம் அப்படி இல்லையே?" நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டு, மரம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது கட்டுமரம். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கும். பொருளும் அவ்வளவுதான்: லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் வரிந்து கட்டியது. தண்ணீர் இடுக்கு வழியே வரும், போகும், அதனால் மூழ்காது.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, சோழமண்டலக் கரையில் இதைக் கண்டு, 1697-ல் வந்த தன் பயணநூலில் எழுதினார். ஆங்கிலத்துக்கு அது பிரிக்க முடியாத ஒரே சொல். நம் இலக்கணப்படி சொன்னால் பகாப்பதம். பன்மைக்குக் கடைசியில் ஒரு 'எஸ்' சேர்த்துக்கொண்டார்கள். சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனதும் இப்படித்தான்.

1876-ல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் என்பவர் இரட்டை உடல் படகு ஒன்றைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் முந்தினார். இரட்டைப் படகு பசிபிக் தீவு மக்களின் பழைய வடிவம். ஆனால் ஒட்டிக்கொண்ட பெயர் நம்முடையது! அங்கேதான் பொருள் மாறியது.

பிறகு 1940-களில் விக்டர் செட்செட் என்பவர் மூன்று உடல் படகு செய்து 'ட்ரைமரன்' என்று பெயர் வைத்தார். 'ட்ரை' என்றால் மூன்று. அதாவது பகாப்பதத்தை வெட்டிவிட்டார்கள். கேட்டலாக், கேட்டராக்ட் போன்ற கிரேக்க வழிச் சொற்களின் தலையில் இருக்கும் 'கேட்டா' போலவே இதுவும் தோன்றும் அல்லவா? அதைக் கழற்றி 'ட்ரை'யை மாட்டியதில், மிச்சமான 'மரன்' படகு என்று பொருள் தரும் பின்னொட்டு மாதிரி ஆகிவிட்டது. (மரம், மரன் என்று கடைப்போலி படித்தது நினைவிருக்கிறதா? ஆங்கிலேயருக்கு அந்த விதி தெரியாது. ஒற்றுமை அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.) கடலோடிகள் இன்னும் சுருக்கி 'கேட்' என்கிறார்கள். கட்டு பூனையாகிவிட்டது!

இப்படி இடம் மாற்றி வெட்டுவது ஆங்கிலத்தில் புதிதல்ல. பொழிச்சலூர் மொட்டைமாடியில் நின்றால் விமான நிலையம் பக்கம் எப்போதாவது பறக்கும் ஹெலிகாப்டரையே பாருங்கள். கிரேக்கத்தில் அது 'ஹெலிகோ' (சுருள்), 'ப்டெர்' (சிறகு). ஆங்கிலக் காது 'ஹெலி', 'காப்டர்' என்று பிரித்தது. அதிலிருந்து 'ஹெலிபோர்ட்' பிறந்தது. ஹாம்பர்க் ஊர்ப் பெயரில் வந்த ஹாம்பர்கரை வெட்டி, 'சீஸ்பர்கர்' செய்ததும் இதே வேலைதான்.

ஆகவே பையனின் பாடம் இன்றைய ஆங்கிலத்துக்குச் சரி. கோவளத்து மீனவரிடம் போய் 'இது கேட்டமரன் இல்லை' என்று சொன்னால்தான் தவறு. எனக்குள்ள வருத்தம் வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் அரிதாகி வருகிறது. சொல் உலகம் சுற்றுகிறது, பொருள் கரையில் குறைகிறது. பிள்ளைகளை அழைத்துப்போய், இருக்கும்போதே ஒன்றைக் காட்டிவிடுங்கள். எந்த மரத்தை எதனோடு கட்டியிருக்கிறது என்று அவர்களே எண்ணட்டும்.

வீட்டுப்பாடம்: கட்டுமரம் போல இன்னும் ஐந்து வினைத்தொகைகளைக் கீழே எழுதுங்கள். ஊறுகாய் செல்லாது.