தெருவில் கிடைத்த சின்னம்மாக்கள்: இஸ்தான்புல்லில் ஒரு குழந்தையும் சில உறவுச்சொற்களும்

1. பொருளும் எல்லையும்

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், கடிக்கோய் பகுதியில் இரண்டரை ஆண்டுகள் குடியிருந்தோம். போய் இறங்கியபோது மகளுக்கு 14 மாதம். அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் அவளிடமும், அவள் பொருட்டு என்னிடமும் காட்டிய பரிவே இக்கட்டுரையின் பொருள். பெரிய உதவிகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. படகில் மடி கொடுத்தது, வாரச்சந்தையில் கையில் திணித்த ஒற்றை ஆரஞ்சுப் பழம், கழன்று விழுந்த குல்லாயை இரண்டு தெரு தாண்டி ஓடிவந்து கொடுத்தது போன்ற சின்னச் செயல்கள் மட்டுமே.

இவற்றைத் "துருக்கியர் நல்லவர்கள்" என்ற ஒரு வரியில் அடக்கிவிடலாம். அது போதாது என்பது என் கட்சி. தனி மனிதரின் நல்ல மனம் ஒரு பங்கு. அதற்கு முன்னமே அவர்கள் மொழி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது: முன்பின் தெரியாத குழந்தையை ஒரே சொல்லில் சொந்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காதுக்கு அது சட்டென்று விளங்கியது. என் சான்றுகளும் அந்தக் காது வழியாக வந்தவைதான்.

2. உறவுச்சொற்கள்

2.1 தெய்ஸெ

துருக்கியில் தெருவில் எதிர்ப்படும் வயதான பெண்ணைத் "தெய்ஸெ" என்று அழைப்பார்கள். வயதான ஆணை "அம்ஜா". நம்மைவிடச் சற்று மூத்தவர்கள் அப்லா, ஆபி, அதாவது அக்கா, அண்ணன். தெய்ஸெ என்பது தாயின் சகோதரி. அம்ஜா என்பது தகப்பனின் சகோதரன். தகப்பனின் சகோதரிக்கு "ஹாலா" என்று தனிச்சொல் உண்டு; ஆனால் தெருவில் பார்க்கும் பெண்ணைப் பொதுவாக ஹாலா என்று கூப்பிடுவதில்லை. தெய்ஸெ பாதித் தாய் என்று அங்கே ஒரு பழமொழியும் உண்டு.

நம் வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் இதன் கனம் புலப்படும். நம் குழந்தைக்கு வெளியாரைக் காட்டும்போது "மாமாவுக்கு டாட்டா சொல்லு", "மாமியிட்டப் போ" என்கிறோம். மாமனும் மாமியும் நம் உறவுமுறையில் எதிர்ப்பக்கம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பக்கம். எவ்வளவு நெருங்கினாலும் அது அடுத்த வீடு. தாயின் சகோதரி அப்படியல்ல. அவள் பெயரிலேயே அம்மா இருக்கிறாள், சின்னம்மா அல்லது பெரியம்மா. அவளுக்குக் குழந்தையைத் தூக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. தாய்வழி, தகப்பன்வழிக்குத் தனிச்சொற்கள் இருந்தாலும், பெண் கொடுத்து எடுக்கும் இந்த இருபக்கப் பிரிவு துருக்கிய மொழியில் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் படகில் ஒரு பெண் என் மகளிடம் கை நீட்டி, "தெய்ஸெயிடம் வா" என்றபோது, எனக்கு அது "சின்னம்மாட்ட வா" என்றுதான் கேட்டது. கொடுத்துவிட்டேன்.

2.2 தலைகீழ் விளி

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. துருக்கியத் தாய் தன் பிள்ளையை "அன்னெம்" என்று கொஞ்சுவாள். அன்னெ என்றால் தாய். அன்னெம், என் தாயே. தகப்பன் பிள்ளையை "பாபாஜிம்" என்பான், என் அப்பா. பெரியவர் தாம் யாரோ அந்தப் பெயரையே பிள்ளைக்குச் சூட்டி அழைக்கிறார். அதனால் தெருவில் பார்த்த தெய்ஸெயும் என் மகளைத் "தெய்ஸெம்" என்பாள்.

"வாங்கோ அம்மா", "அழாதை அப்பன்" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டு வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு நாடுகளில் தமிழர் இதை மொழிபெயர்க்கச் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன். மகளை ஏன் அம்மா என்கிறாய் என்று கேட்பார்கள். இஸ்தான்புல்லில் யாரும் கேட்கவில்லை. பழக்கடையில் நான் "அம்மா, அதைத் தொடாதை" என்றதும் கடைக்காரர் பொருள் கேட்டார். சொன்னேன். "அப்படியென்றால் நீங்களும் அன்னெம் என்கிறீர்கள்" என்று ஒரு பிடி செரிப் பழத்தை அவள் கையில் வைத்தார்.

அன்னெ, அன்னை என்ற ஒலி ஒற்றுமையை வைத்து மொழியுறவு பேசுவது தவறு. குழந்தை வாயில் முதலில் திரளும் ஒலிகள் பல மொழிகளில் தாய்க்குப் பெயராவது தெரிந்த செய்தி. நான் சொல்வது ஒலியைப் பற்றியல்ல; பெரியவர் சிறியவரைத் தம் பெயரால் அழைக்கும் அந்த வழக்கத்தைப் பற்றி.

3. கைமாறுதல்

தொல்முஷ் என்பது குறித்த வழியில் ஓடும் பங்கு வண்டி. பின்னால் இருப்பவர் கட்டணத்தை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகும். மீதியும் அதே வழியில் திரும்பி வரும். குழந்தையும் அப்படிப் போனாள். நான் தள்ளுவண்டியை மடக்கி முடிப்பதற்குள் மூன்றாம் வரிசையில் யாரோ ஒருவர் மடியில் இருப்பாள். முதல் மாதம் நெஞ்சு அடைத்தது. பிறகு அந்தக் கைகளின் ஒழுங்கு பிடிபட்டது: வாங்கியவர் தாயின் கண்ணில் படும்படிதான் குழந்தையைப் பிடித்திருப்பார்.

கடிக்கோயிலிருந்து எமினோனுவுக்குப் படகில் ஏறக்குறைய இருபது நிமிடம். ஒடுங்கிய இடையுள்ள கண்ணாடிக் குவளையில் தேநீர், எள் ஒட்டிய சிமித் வளையம், பின்னால் துரத்தி வரும் கடற்பறவைகள். ஒரு குளிர்காலம் முழுவதும் வாரம் இருமுறை அந்தப் பயணம். நான் தேநீரைச் சூடாகக் குடித்து முடித்த நாட்களெல்லாம் யாரோ ஒருவர் மகளுக்குப் பறவை காட்டிய நாட்கள். தூக்கமில்லாத தாய்க்கு இருபது நிமிடம் எவ்வளவு பெரியது என்பதை வேறு எந்த அளவையிலும் நான் எழுத முடியாது.

4. வாழ்த்து வாய்பாடுகள்

குழந்தையைப் புகழ்ந்தால் கூடவே "மாஷால்லா" வரவேண்டும். சொல்லாமல் புகழ்ந்தால் கண்படும் என்பது நம்பிக்கை. நீலக் கண்ணாடியில் கண் வரைந்த நஸர் மணியைச் சிசுவின் தோளில் ஊசியால் குத்திவிடுவார்கள். மகளின் கன்னத்துக் கறுப்புப் பொட்டை எதிர்வீட்டுப் பாட்டி விரலால் தொட்டுப் பார்த்து, தானாகவே விளங்கித் தலையாட்டினார். இன்னொரு வாழ்த்து, கடவுள் இவளைத் தாயும் தகப்பனும் இருக்க வளர்க்கட்டும் என்பது. யுத்தத்துக்குள் பிறந்த எனக்கு அதை முதன்முறை கேட்டபோது பதில் வரவில்லை. தாயோ தகப்பனோ இல்லாமல் வளர்ந்தவர்கள் எங்கள் வகுப்பில் பலர். பேரங்காடியில் காசு வாங்கும் பெண், பின்னால் வரிசை நிற்க, அதைச் சாதாரணமாகச் சொல்லி மீதியைத் தந்தாள்.

5. காலுறை: உரிமையின் மறுபக்கம்

பரிவை மட்டும் எழுதி இதை விட்டால் ஆய்வு பொய்யாகும். வெளிநாட்டுத் தாய்மார் பலரும் குறைப்படும் பொருள் காலுறை. ஜூலை வெயிலிலும் குழந்தையின் வெறுங்காலைக் கண்டால் யாராவது நிறுத்துவார்கள். "உஷூர்", குளிரும் என்பார்கள். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது, இரு சன்னல்களுக்கு நடுவே காற்றோட்டத்தில் இருத்தக் கூடாது. ஒரு முறை தெய்ஸெ ஒருத்தி தெருவில் குனிந்து, என்னைக் கேட்காமலே மகளின் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். என்னை நல்ல தாயில்லை என்று ஊரே சொல்வதாகத் தோன்றியது.

என் அம்மாவிடம் தொலைபேசியில் முறையிட்டேன். அவர் கேட்டது, "தலைக்குத் துணி கட்டினியோ? பனி படுமே." அந்தக் கணத்தில்தான் காலுறையும் மடியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று எனக்குப் பட்டது. சின்னம்மா தூக்குவாள்; சின்னம்மா திட்டவும் திட்டுவாள். தொடாமல், கண்டிக்காமல், இடம் மட்டும் விட்டுக்கொடுக்கும் மரியாதை வேறு நகரங்களில் கிடைக்கும். அதிலும் நன்மை உண்டு, ஆனால் அது வேறு வகை. இங்கே ஒன்றைப் பெற்றுக்கொண்டு மற்றதை மறுக்க வழியில்லை. நன்றி சொன்னால்கூட, "இதுவும் ஒரு பேச்சா" என்ற பொருளில் மறுப்பார்கள். சொந்தத்துக்குள் நன்றி புழங்குவதில்லை, நம்மிடமும் அப்படித்தான்.

6. கோதுமையும் கொழுக்கட்டையும்

மேல்மாடி வீட்டுக் குழந்தைக்கு முதற்பல் முளைத்தபோது ஒரு கிண்ணம் வந்தது: அவித்த கோதுமை, சர்க்கரை, வால்நட், உலர்திராட்சை. இதற்குப் "பல் கோதுமை" என்றே பெயர். குழந்தைக்கு முன் பேனா, கத்தரிக்கோல், கண்ணாடி, புத்தகம் என்று பரப்பி, எதைத் தொடுகிறதோ அதுவே அதன் தொழில் என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பல்லுக்கொழுக்கட்டையிலும் பிள்ளைக்கு முன் இதே பரப்பல் உண்டு. இரண்டும் எப்படி ஒத்தன என்பதற்கு நான் விடை தேடவில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதும் இரு ஊருக்கும் பொது. அரிசிமாவும் தேங்காயும் தேடிப்பிடித்து, ஓரத்தில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லாகக் குத்திய கொழுக்கட்டைகளோடு கிண்ணத்தை மேலே கொண்டுபோனேன். பல்லைக் கண்டதும் அந்த வீட்டார் மாமியாரை, நாத்தனாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

7. சொல் எட்டாத இடம்

அதே ஆண்டுகளில் துருக்கியில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய அகதிகள் இருந்தார்கள். 2011இல் தொடங்கிய போரில் வந்தவர்கள். வாடகை ஏறியது, வேலை குறைந்தது, கசப்பு வளர்ந்தது. என் நிறத்தைப் பார்த்துச் சிலர் முதலில் "சிரியாவா?" என்பார்கள், இலங்கை என்றதும் முகம் தளரும். அந்தத் தளர்வு எனக்குக் கிடைத்த பரிவின் ஒரு பகுதி என்பதை நான் மறைக்க முடியாது. அகதியாகப் போன தமிழர்கள் என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

ஒரு மாலை டிராமில் அரபி பேசும் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு மூன்று நிறுத்தம் நின்றுகொண்டே வந்தாள். எனக்கு எப்போதும் எழுந்து இடம் கொடுக்கும் அதே வகை மனிதர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் இருந்தது பின்வரிசையில். கூப்பிட்டு அமர்த்தினேன். குழந்தையின் கால் வெறுமையாக இருந்தது, மார்ச் மாதம். என் கை தானாகப் போய் அந்தப் பாதத்தைப் பற்றியது. "உஷூர்" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. தன் குழந்தையின் கையைப் பிடித்து என் பக்கம் ஆட்டி, "காலா" என்றாள். அரபியில் அதுவும் தாயின் சகோதரிக்கான சொல்.