மண்வெட்டி ஏந்திய இளைஞரும் உலக மன்றத்தின் ஏடுகளும்

உலக நாடுகளின் அபிவிருத்தித் திட்டங்களில் இளைஞருக்கும் ஓர் ஸ்தானம் உண்டென்று ஐக்கிய நாடுகள் சபை எழுத்தில் ஒப்புக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்பே, ஒருவருடைய அழைப்புக்கும் காத்திராமல் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்ட ஒரு சிறு கூட்டத்தாரிடமிருந்துதான் இந்த வரலாற்றைத் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. 1920-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மகாயுத்தத்தின் பீரங்கிகளால் சிதைக்கப்பட்டு, வீடென்றும் வயலென்றும் பிரித்தறிய இயலாதபடி கிடந்த பிரான்ஸ் தேசத்து வெர்தன் நகரையடுத்த எஸ்ன் என்னும் சிற்றூருக்கு, ஸ்விட்ஸர்லாந்துப் பொறியியலாளர் பியர் செரசோல் சில தோழர்களுடன் வந்து சேர்ந்தார். ஒரு காலத்தில் அத்தேசத்தின் ஜனாதிபதியாக இருந்தவருடைய புதல்வர் அவர். ராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை புகுந்தவர்.

அவருடன் வந்தவர்களுள் ஜெர்மானியரும் இருந்தனர் என்பதே அம்முயற்சியின் உயிர்நாடி. இரண்டாண்டுகளுக்கு முன்வரை எந்த மண்ணில் இரு தேசத்து வாலிபர்களும் ஒருவரையொருவர் மாய்த்துக்கொண்டார்களோ, அதே மண்ணில், குளிர்காலம் முழுதும் கூலி வாங்காமல் குடில்கள் எழுப்பினார்கள், பாதையைச் செப்பனிட்டார்கள், குண்டு விழுந்த பள்ளங்களைத் தூர்த்து நிலத்தைச் சமப்படுத்தினார்கள். ஆயினும் ஜெர்மானியர் அங்கே இருத்தலாகாது என்ற எதிர்ப்பு வலுத்ததால், 1921 வசந்த காலத்தில் அக்குழு கலைந்தது. யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அவ்வூர் ஜனங்கள்மீது குற்றம் சுமத்த நமக்கு உரிமையில்லை.

அங்கே முளைத்த சர்வதேசச் சேவை இயக்கம் 1928-இல் ஓங்கி வளர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ரைன் நதி கரை உடைத்துப் பாய்ந்ததால் லீக்டென்ஸ்டைன் என்னும் குறுநாட்டின் விளைநிலங்கள் கல்லும் மணலும் மூடிப் பாழ்பட்டுக் கிடக்க, அவற்றை அள்ளி அப்புறப்படுத்தப் பல நாடுகளிலிருந்தும் 700-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அத்தகைய முகாம்களில் பெண்கள் சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் மட்டுமே உரியவராகக் கருதப்பட்டனர் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. சமத்துவம் பேசியவர்களின் கண்ணிலும் அக்குறை படவில்லை.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பீகாரை நிலநடுக்கம் நிலைகுலையச் செய்தபோது செரசோல் நம் தேசத்துக்கும் வந்தார். காந்தியடிகளைக் கண்டார், நிவாரணப் பணியை முன்னின்று நடத்திய ராஜேந்திர பிரசாதருடன் கலந்தாலோசித்தார். பூகம்பத்துக்குப் பின் வெள்ளத்துக்கு இரையாகும் தாழ்நிலத்துக் கிராமங்களை மேட்டுப் பாங்கான இடங்களுக்கு மாற்றி அமைப்பதே முஸாபர்பூர்ப் பிரதேசத்தில் அவரும் அவருடைய தோழர் சிலரும் மேற்கொண்ட வேலை. அப்படி எழுந்த குடியிருப்பு ஒன்று சாந்திபூர் என்று பெயர் பெற்றது. வெள்ளைக்காரர்கள் கிராமத்து உழைப்பாளிகளோடு வெயிலில் நின்று மண் சுமந்த காட்சி, அந்நிய ஆட்சி நடந்த அந்நாளில் எவ்வளவு அபூர்வமானது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏடுகள் பின்னரே வந்தன. 1948-இல் யுனெஸ்கோவின் ஆதரவில் இத்தகைய முகாம் நடத்துவோரை ஒருங்கிணைக்கும் குழு ஒன்று அமைந்தது. 1965 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை இளைஞர் குறித்து ஒரு பிரகடனம் வெளியிட்டது. ஆனால் அதைப் படித்துப் பார்த்தால், சமாதான உணர்ச்சியில் இளைஞரை எங்ஙனம் வளர்க்க வேண்டும் என்று மூத்தோருக்குச் சொல்லும் உபதேசமே மேலோங்கி நிற்கிறது. 1970-இல் நிறுவத் தீர்மானிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு இயங்கத் தொடங்கிய ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டமே, எஸ்னில் தொடங்கிய வழக்கத்தை அரசாங்கங்கள் தமதாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம். 1985-ஆம் ஆண்டு, பங்கேற்பு, அபிவிருத்தி, சமாதானம் என்ற கோஷத்துடன் சர்வதேச இளைஞர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1995 டிசம்பரில் நிறைவேறிய உலகச் செயல்திட்டம், கல்வி, வேலைவாய்ப்பு, பசியும் வறுமையும், ஆரோக்கியம் என்று தொடங்கிப் பத்துத் துறைகளை வகுத்தது. முடிவெடுப்பதில் இளைஞர் முழுமையாகப் பங்கேற்றல் என்பது அவற்றுள் பத்தாவதாக, கடைசியில் நின்றது.

அந்த வரிசையைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். கல்வியும் வேலையும் அற்பமானவை என்று நான் சொல்லவில்லை. எந்தக் கல்வி, எத்தகைய வேலை என்று தீர்மானிக்கும் இடத்தில் அமராத இளைஞன், எவ்வளவு பெற்றாலும் பெற்றவனாகவே நிற்கிறான் என்றே சொல்கிறேன். எஸ்னிலும் பீகாரிலும் உழைத்தவர்கள் எங்கே செல்வது, எதைக் கட்டுவது என்பதைத் தாமே தீர்மானித்துக்கொண்டு சென்றார்கள்; அவர்களுடைய பலமெல்லாம் அதில்தான் இருந்தது. ஆகவே, ஜெனீவாவிலாயினும் நம் ஜில்லாத் தலைநகரிலாயினும் இளைஞர் நலத்துக்கென்று இனித் திட்டம் எழுத உட்காருபவர்கள், நிதியை ஒதுக்கும் குழுவில் இளைஞருக்கு வாக்குரிமையுள்ள ஆசனத்தை முதல் பிரிவிலேயே எழுதி வைத்துவிட்டு, மற்றவற்றை அவர்களோடு கூடியிருந்து எழுதுவார்களாக.