சீனத் தாயத்துக் காசுகள்

நாணய வடிவில் வார்க்கப்பட்டும் பணமாகப் புழங்காத உலோக வில்லைகள். சீனத்தில் ‘யான்ஷெங் சியென்’. ஹான் காலம் முதல் தீமை விலக்கவும் நலம் வேண்டியும் மக்கள் இவற்றை அணிந்தனர். போலி நாணயம் என்று இவற்றை ஒதுக்குவது பெரும் பிழை. ஏமாற்றுவதற்காக இவை வார்க்கப்படவில்லை.

வட்ட வடிவும் நடுச் சதுரத் துளையும் பல தாயத்துகளுக்கும் புழக்கக் காசுகளுக்கும் பொது. ஆகவே பிரித்தறிய எழுத்தையே முதலில் பார்க்க வேண்டும். 621இல் தாங் அரசு வெளியிட்ட கையுவான் தோங்பாவ் வகுத்த மரபில், புழக்கக் காசின் முகப்பில் பெரும்பாலும் நான்கு எழுத்துகளே இருக்கும். பிற்காலத்தில் அவற்றில் இரண்டு ஆட்சிப் பெயரைச் சுட்டின. சிங் காலக் காசுகள் பலவற்றின் பின்புறத்தில் அக்கசாலையின் பெயர் மஞ்சு எழுத்தில் உண்டு. தாயத்திலோ நீண்ட ஆயுள், செல்வம், தேர்வில் வெற்றி ஆகியவற்றுக்கான வாழ்த்துகள், பன்னிரு ராசி விலங்குகள், எட்டு முக்கோட்டுக் குறிகள்.

குழப்புவது சோவ்யுவான் தோங்பாவ். 955இல் பின்-சோவ் பேரரசர் ஷிசோங், பௌத்த மடங்களின் செம்புச் சிலைகளை உருக்கி இக்காசை வார்ப்பித்தார். அதற்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்ற நம்பிக்கையால், அதே நான்கு எழுத்துகளுடன் பிற்காலத்தில் தாயத்துகள் பெருகின. திருப்பிப் பார்த்தால் டிராகனும் ஃபீனிக்ஸும் தெரியும். தாயத்துகள் பல பெரியவை, தடித்தவை. ஆனால் 1850களில் சியன்ஃபெங் ஆட்சி வெளியிட்ட உயர்மதிப்புக் காசுகளும் பெரியவையே.