மீண்டு வந்த மூன்று ஹாலிஃபாக்ஸ்கள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக ஹாண்ட்லி பேஜ் நிறுவனம் உருவாக்கிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஹாலிஃபாக்ஸ். மொத்தம் 6,176 விமானங்கள் கட்டப்பட்டன. போர் முடிந்தபின் எஞ்சியவை அலுமினியத்துக்காக உடைத்து உருக்கப்பட்டன. வருங்காலத்துக்கென்று ஒன்றுகூட முழுதாக எடுத்துவைக்கப்படவில்லை. உடன்பிறப்புப் போலப் பறந்த லங்காஸ்டருக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்காததும் அந்த அலட்சியத்துக்குக் காரணமாக இருக்கலாம். இன்று அருங்காட்சியகங்களில் நிற்கும் மூன்று ஹாலிஃபாக்ஸ்களும் ஏரியடியிலிருந்தும் பண்ணைக் கொல்லையிலிருந்தும் மீட்கப்பட்டவை.

முதலில் வெளிவந்தது டபிள்யூ1048. 1942 ஏப்ரல் 27 இரவு, நார்வேயில் ட்ரோண்ட்ஹைம் அருகே ஒதுங்கியிருந்த டிர்பிட்ஸ் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தாக்கச் சென்ற விமானங்களில் இதுவும் ஒன்று. தரையிலிருந்து சுடப்பட்டுத் தீப்பற்றிய நிலையில், உறைந்து கிடந்த ஹோக்லிங்கன் ஏரியின்மேல் விமானி அதை வயிறு தேய இறக்கினார். அதில் இருந்த அனைவரும் உயிர் பிழைத்தனர். கணுக்கால் முறிந்த ஒருவர் பிடிபட, மற்றவர்கள் ஸ்வீடனுக்குத் தப்பினர். பின்னர் பனி உடைந்து விமானம் சுமார் 90 அடி ஆழத்தில் அமிழ்ந்தது. 1973-இல் முக்குளிப்போர் அதை மேலே கொண்டுவந்தபோது, 31 ஆண்டுகள் நீரில் கிடந்த உடல் வியக்கத்தக்க அளவு நன்றாக இருந்தது.

அதற்குக் காரணம் நீரின் தன்மை. குளிர்ந்த நன்னீர் அலுமினியத்தை மெதுவாகவே அரிக்கும். கடல்நீரில் உள்ள குளோரைடு அப்படியல்ல; உலோகத்தின் துளைகளில் புகுந்துகொண்டு, விமானம் கரையேறிக் காற்றுப் பட்ட பிறகும் அரிப்பைத் தொடரும். 2013-இல் ஆங்கிலக் கால்வாயை ஒட்டிய குட்வின் மணல்திட்டிலிருந்து எடுக்கப்பட்ட டோர்னியர் 17 விமானத்தை, கூடாரத்துக்குள் வைத்து சிட்ரிக் அமிலம் கலந்த நீரைத் தொடர்ந்து தெளித்துத்தான் காக்க வேண்டியிருந்தது.

டபிள்யூ1048-ஐப் புதிதுபோல ஆக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அது பெரும்பாலும் ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே, கிழிந்த தகடும் வளைந்த விசிறியுமாகக் கிடக்கிறது.

யார்க்ஷயரின் எல்விங்டனில் நேர்மாறான வழி. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஒரு பண்ணையில் கோழிக்கூடாகப் பயன்பட்டுவந்த உடற்பகுதி ஒன்று கிடைத்தது. ஹேஸ்டிங்ஸ் என்ற போக்குவரத்து விமானத்தின் இறக்கைகள் அதனுடன் பொருத்தப்பட்டன. ஹெர்குலிஸ் எஞ்சின்கள் பிரான்சிலிருந்து வந்தன. போர்க்காலத்தில் எல்விங்டனிலிருந்து பிரெஞ்சு அணிகளும் ஹாலிஃபாக்ஸ் ஓட்டின என்பதால் அது பொருத்தமான கொடை. 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை அந்த விமானம் வெளியே உருட்டிவரப்பட்டது. நாள் தற்செயலன்று: 128 தாக்குதல்களுக்குச் சென்று திரும்பிய புகழ்பெற்ற ஒரு ஹாலிஃபாக்ஸின் பெயர் ‘13ஆம் தேதி வெள்ளிக்கிழமை’.

மூன்றாவதான என்ஏ337, 1945 ஏப்ரலில் நார்வே எதிர்ப்புப் படையினருக்குப் பொருள்களைப் போட்டுவிட்டுத் திரும்புகையில் சுடப்பட்டு மியோசா ஏரியில் விழுந்தது. ஆறு பேரில் ஐவர் குளிர்நீரில் இறந்தனர். வால்பகுதித் துப்பாக்கி வீரர் மட்டும் பிழைத்தார். சுமார் 750 அடி ஆழத்திலிருந்து 1995-இல் மீட்கப்பட்டு, விமானம் கனடாவின் ட்ரெண்டனுக்குப் போனது. கனடிய வீரர்கள் போரில் பெருமளவு ஓட்டிய குண்டுவீச்சு விமானம் ஹாலிஃபாக்ஸ்தான்.

இப்படி மீட்ட விமானத்தைச் சீரமைக்கும் வேலையில் பொறுமைக்கே முதலிடம். கழற்றும் முன் ஒவ்வொரு பகுதியும் படமெடுத்து எண்ணிடப்படும். ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துத் தகடுகளைப் பிரித்து, வண்டல் கழுவி, எஃகு திருகாணி அலுமினியத்தைத் தொட்ட இடங்களில் அரிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறாத தகட்டைத் தட்டையாக்கி, அதையே அச்சாக வைத்துப் புதியது வெட்டுவார்கள். பறக்கப்போகும் விமானம் என்றால் வலுவிழந்த பகுதி அனைத்தையும் மாற்றியாக வேண்டும். காட்சிக்கு நிற்பதில் பழைய உலோகத்தைக் கூடிய மட்டும் விட்டுவைக்கலாம்.

ட்ரெண்டனில் பெரும்பாலும் தன்னார்வலர்கள் பத்தாண்டுகள் உழைத்து, 2005 நவம்பரில் விமானத்தை மக்கள் பார்வைக்கு வைத்தனர். ஹாலிஃபாக்ஸ் பறந்த காலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க ட்ரெண்டனுக்கு ஈடில்லை. ஆனால் 1942-இல் தொழிற்சாலையில் அடித்த ரிவெட்டையே பார்க்க விரும்புகிறவர் ஹெண்டனுக்குத்தான் போக வேண்டும்.