பூச்சியத்திற்கு வந்த வழக்கு

நாகத்தின் நியமத் தாழ்த்தல் அழுத்தம் −0.76 வோல்ற்று, செம்பினது +0.34 வோல்ற்று. பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க 1.10 வோல்ற்று வரும். 1836 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் யோன் பிரெடரிக் தானியல் ஆக்கிய கலத்தின் மின்னியக்க விசையும் ஏறத்தாழ இதுவே. கணிப்பு எளிது, ஆயின் அவ்வெண்கள் அட்டவணையில் இடம்பெற்ற வரலாறு அத்துணை எளிதன்று.

தனியொரு மின்வாயின் அழுத்தத்தை வோல்ற்றுமானி கொண்டு அளத்தல் இயலாது. மானியின் மற்றைக் கம்பியைக் கரைசலில் இட்ட கணமே அங்கு இரண்டாவது மின்வாய் தோன்றிவிடுகின்றது. அளக்கப்படுவது என்றும் வேறுபாடே. ஆகவே, கடல்மட்டத்தைக் கொண்டு மலையின் உயரத்தைக் கூறுவது போல, ஏதேனுமொன்றைப் பூச்சியமெனக் கொள்ளல் வேண்டும். எதனைக் கொள்வது? வில்லெம் ஒஸ்ற்வால்ட், இரச மின்வாயின் துணையால் உண்மையான தனியழுத்தத்தையே கண்டுவிடலாமென நம்பினார். அவருடைய லைப்சிக் ஆய்வுகூடத்திற் பணியாற்றி, 1889 இல் தம் பெயரால் வழங்கும் சமன்பாட்டை வெளியிட்ட வால்ரர் நேர்ண்ஸ்ற், ஐதரசன் மின்வாயைப் பூச்சியமென ஏற்றலே தகும் என்றார். வென்றது மாணவரின் கட்சியே. ஆசிரியரின் வேட்கை பெரிதாயினும், கணிப்புக்கு வேண்டியது அதுவன்று என்பதே எமது கருத்து.

பூச்சியத்தில் உடன்பட்டோர் குறியில் முரண்பட்டனர். அமெரிக்க இரசாயனவியலாளர் ஒட்சியேற்றத் திசையில் அழுத்தங்களை எழுதினர். வென்டல் லற்றிமர் 1938 இல் வெளியிட்ட பெருநூலில் நாகம் +0.76, ஐரோப்பிய வழக்கில் −0.76. இதனை வெறும் எழுத்து வழக்கெனத் தள்ளிவிட முடியாது. நாகத்தை அந்நூலிலும் செம்பை ஐரோப்பிய நூலிலும் பார்த்த மாணவன் 0.34இலிருந்து 0.76ஐக் கழித்து, −0.42 எனப் பெற்று, தானியல் கலம் தானாக இயங்காதென முடிவுசெய்வான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தந்தி நிலையங்களை இயக்கிய கலமல்லவா அது! 1953 இல் தூய, பிரயோக இரசாயனவியலுக்கான சர்வதேச ஒன்றியம் ஸ்ரொக்ஹோமிற் கூடித் தாழ்த்தற் குறியையே விதித்தது. லற்றிமர் நூலின் இரண்டாம் பதிப்போ அதற்கு ஓராண்டு முன்னரே, பழைய குறியுடன் வெளிவந்துவிட்டது. ஆதலாற் குழப்பம் உடனே நீங்கவில்லை.

குறி சரியாயினும், அரைத்தாக்கங்கள் இரண்டைச் சேர்த்து மூன்றாவது அரைத்தாக்கத்தைப் பெறுகையில் அழுத்தங்களை நேரே கூட்டலாகாது. இலத்திரன் எண்ணிக்கையாற் பெருக்கியே கூட்டல் வேண்டும். இரும்பு மூன்றேற்ற அயனிலிருந்து ஈரேற்ற அயனாவதற்கு +0.77, அதிலிருந்து உலோகமாவதற்கு −0.44. முதலாவதில் ஓர் இலத்திரன், அடுத்ததில் இரண்டு. 0.77 உடன் −0.88 ஐக் கூட்டி மூன்றால் வகுக்க, ஏறத்தாழ −0.04 வோல்ற்று கிடைக்கும்.

ஒஸ்ற்வால்ட் தேடிய தனியழுத்தத்திற்கும் ஒரு பெறுமானம் பின்னர் வந்தது. 1986 இல் அதே ஒன்றியம், ஐதரசன் மின்வாய்க்கு 4.44 வோல்ற்று எனப் பரிந்துரைத்தது. அதனைக் கூட்டினால் நாகம் 3.68, செம்பு 4.78, கழித்தால் மீண்டும் 1.10.