ஊவா மலைத் தோட்டங்களும் கொழுக்கிப் புழுவும்

வரலாறு என்றவுடன் மன்னர்களின் படையெடுப்பும் முடிசூட்டும் கோட்டை கொத்தளங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மக்கள் நடந்த மண்ணுக்கும், அவர்கள் குடித்த நீருக்கும், அவர்களை வாட்டிய பிணிகளுக்கும் வரலாறு உண்டு. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம் முன்னோரின் குருதியை ஓசையின்றி உறிஞ்சிவந்த ஒரு சிறு புழுவின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விழைகின்றேன். கொழுக்கிப் புழு என்பது அதன் பெயர். வாயின் வழியாகவன்றிப் பெரும்பாலும் பாதத்தின் தோல் வழியாகவே அது உடலுட் புகுகின்றது. புகுந்த இடத்தில் அரிப்பும் சிறு கொப்புளமும் தோன்றும். சொறிந்தால் புண்ணாகும். மழைக்காலத்தில் ஈரமண்ணில் நின்றோருக்கு வருவதால், மக்கள் இதனையும் சேற்றுப் புண் என்றே எண்ணி விட்டுவிட்டனர். சேற்றுப் புண்கள் யாவும் இப்புழுவால் வருவன அல்ல. ஆனால் இதனால் வருவது சில நாளில் ஆறிவிடும். உள்ளே சென்ற புழுவோ ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

முதலில் இடத்தின் இயல்பைக் காண்போம். பதுளை நகர் ஏறத்தாழ 2200 அடி உயரத்தில் உள்ளது. அதன் கிழக்கே நமுனுகலை மலை உயர்ந்து நிற்கின்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை எனத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. ஆங்கிலேயர் முதலிற் பயிரிட்டது கோப்பி. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையைத் தின்னும் பூஞ்சண நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்த மடுல்சீமைப் பகுதியிலேயாம். அந்நோய் கோப்பியை அழித்தது; தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் வேண்டியிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆண்களும் பெண்களும் சிறுவருங்கூட வேண்டியிருந்தனர். ஆகவே தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் குடும்பத்தோடு லயங்களில் நிலைகொண்டனர்.

அந்த லயங்களை எண்ணிப் பாருங்கள். வரிசையாகக் கட்டிய சிறு காம்பராக்கள். பலருக்கும் பொதுவாக ஒரு பீலி. பீலியடியில் எந்நேரமும் சேறு. பின்புறத்திலே கழிவுநீர் ஓடும் கான். மலசலகூடம் என்பது பெரும்பாலான தோட்டங்களில் இருந்ததில்லை. தேயிலைச் செடியின் மறைவே மலசலகூடமாயிற்று. அதே செடியின் அடியில்தான் மறுநாள் வெறுங்காலோடு கொழுந்தெடுக்க நின்றார்கள்.

இப்புழுவுக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. மனிதனின் மலத்தோடு வெளியேறும் அதன் முட்டை, நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளிற் பொரிக்கின்றது. ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் அதன் குடம்பி தோலைத் துளைக்கும் வலிமை பெற்றுவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அக்குடம்பி பாதத்தின் வழியே குருதியிற் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலிற் போய்த் தங்குகின்றது. அங்கே ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் நீளத்துக்கு வளர்ந்து, குடற்சுவரைக் கவ்விக்கொண்டு குருதியைக் குடிக்கின்றது. பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை ஊவாவில் வாடைக்காற்று மழை கொட்டும் காலமே இக்குடம்பிகளுக்கு உகந்த காலம். ஆடி, ஆவணியின் வறண்ட காற்றும் வெயிலும் அவற்றைக் கொல்லும். மிக உயர்ந்த மலைகளின் குளிரும் அவற்றுக்கு ஆகாது. ஆதலால் ஊவாவின் தாழ்ந்த, வெப்பமான தோட்டங்களுக்கே இதனால் ஆபத்து அதிகம்.

மலையில் வேலை செய்வோருக்கு அட்டையைத் தெரியும். அட்டை கடித்தால் காலில் இரத்தம் வழியும், பிடுங்கி எறியலாம். குடலுக்குள் இருந்து குடிக்கும் இப்புழுவை யார் காண்பார்? ஒரு புழு குடிப்பது மிகச் சிறிதளவே. நூற்றுக்கணக்கான புழுக்கள் சேரும்போது உடல் வெளுக்கும், மூச்சு வாங்கும், முகமும் காலும் வீங்கும், கர்ப்பிணித் தாயின் உயிருக்கே ஆபத்து நேரும். நம் வைத்தியர்கள் பாண்டு என்றும் சோகை என்றும் அழைத்த நிலை இதுவே. பெரட்டுக்கு வர இயலாத தொழிலாளியைத் துரைமாரும் கங்காணிமாரும் சோம்பேறி என்றனர். வகுப்பிலே தூங்கி விழுந்த பிள்ளை மந்தபுத்தியுள்ளது எனப்பட்டது. குருதியிழந்தவனுக்குக் குணக்கேடு என்று பெயர் சூட்டியது இவ்வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்றாகும். இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இப்புழுவைச் சோம்பலின் கிருமி என்றே பத்திரிகைகள் எழுதின.

இப்புழு தோல்வழியே புகுகின்றது என்னும் உண்மை வெளிப்பட்ட விதம் சுவையானது. 1898இல் எகிப்து நாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆதர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் கையில், குடம்பிகள் நிறைந்த நீர்த்துளி தற்செயலாகச் சிந்தியது. சிந்திய இடம் சிவந்து அரித்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே இப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. அடுத்த சான்று ஒரு தேயிலை நாட்டிலிருந்தே கிடைத்தது. அஸ்ஸாம் தோட்டங்களில் தொழிலாளரின் கால்களில் வரும் புண்ணைப் பாணி காவ், அதாவது தண்ணீர்ப் புண், என்று மக்கள் அழைத்தனர். அப்புண்ணுக்கும் மண்ணிலுள்ள கொழுக்கிப் புழுக் குடம்பிக்கும் உள்ள தொடர்பை 1902இல் வைத்தியர் பென்ற்லி எடுத்துக் காட்டினார். தண்ணீரால் வந்தது என மக்கள் கருதிய புண், தண்ணீர் நனைத்த மண்ணால் வந்தது என்பது அப்போது தெளிவாயிற்று.

இலங்கையிலே சட்டம் முன்னரே வந்திருந்தது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை பற்றிய முதற் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. 1912இல் அது விரிவாகத் திருத்தப்பட்டது. ஆனால் வாந்திபேதி, அம்மை போன்ற நோய்களுக்கே ஆட்சியாளர் அஞ்சினர். அவை துறைமுகத்தை மூடச் செய்யும், வணிகத்தை நிறுத்தும். கொழுக்கிப் புழுவோ எவரையும் ஒரே நாளிற் கொல்வதில்லை. மெல்லக் கொல்லும் நோயை மெல்லக் கவனித்தால் போதும் என்று இருந்துவிட்டனர். வந்தேறிய தொழிலாளரே நோயைக் கொண்டுவந்தனர் என்று சொல்லி அமைந்தோரும் உண்டு. கொண்டுவந்தது ஓரளவு உண்மையாயினும், அதைப் பெருக்கியது தோட்டத்தின் அமைப்பே அன்றோ?

அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. பரிசோதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோருக்கு நோய் இருப்பது அங்கே தெரியவந்தது. பின்னர் இவ்வியக்கம் மற்றத் தோட்டப் பகுதிகளுக்கும் பரவியது. கெனொப்போடியம் எண்ணெயும் தைமோலும் அக்காலத்து மருந்துகள். பிற்பாடு காபன் டெட்ராகுளோரைட்டும் சேர்ந்தது. இவை கடுமையான மருந்துகள். பேதி மருந்தும் உடன் கொடுக்கப்பட்டது. தலைசுற்றலும் சோர்வும் உண்டாயின. தொழிலாளர் அஞ்சியதில் வியப்பில்லை. எனினும் புழு வெளியேறியது, உடல் தேறியது, வேலை கூடியது. தோட்ட முதலாளிகளும் மகிழ்ந்தனர்.

ஆனால் சில திங்கள் சென்றதும் பலருக்கு நோய் மீண்டது. காரணம் வெளிப்படை. மருந்து குடலைச் சுத்தம் செய்தது. மண்ணை எவரும் சுத்தம் செய்யவில்லை. மலசலகூடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பது பயனற்றது என்று இயக்கத்தின் வைத்தியர்கள் வலியுறுத்தினர். மருந்துக்குச் செலவு சிறிது. ஒவ்வொரு லயத்துக்கும் மலசலகூடம் கட்டும் செலவோ பெரிது. வேலையைக் கூட்டும் மருந்தை வரவேற்ற தோட்டக்காரருட் பலர், மனிதனுக்கு மானமும் சுகமும் அளிக்கும் கட்டடத்துக்குப் பணம் கொடுக்கத் தயங்கினர். அவர்கள் வேண்டியது உழைக்கும் கையை. அந்தக் கைக்கு உரிய மனிதன் அவர்கள் கணக்கில் வரவில்லை. இந்தப் பேரத்திலே எத்தனையோ தாய்மாரும் குழந்தைகளும் மேலும் பல ஆண்டுகள் குருதி சிந்தினர்.

இத்தோல்வியிலிருந்து நாடு ஒரு நல்ல பாடம் கற்றது. ஒரு நோயை மட்டும் துரத்தாமல், கிராமத்தின் நீர், மலசலகூடம், தாய் சேய் நலம், பாடசாலைப் பிள்ளைகளின் சுகம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே கவனிக்கும் சுகாதாரப் பகுதி 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்டது. இலங்கையின் பொதுச் சுகாதாரச் சேவை அவ்வித்திலிருந்து வளர்ந்தது. ஆனால் தோட்டங்களோ நெடுங்காலம் அச்சேவைக்குப் புறம்பாகவே நின்றன. தோட்டத்தின் சுகம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு என விடப்பட்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்த மக்களுக்காக வாதாடுவோரும் அருகினர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது.

1990களிலிருந்து தோட்டப் பகுதிகளில் புழுநீக்க மாத்திரைகள் பெருமளவில் வழங்கப்பட்டன. இன்றைய அல்பெண்டசோல், மெபெண்டசோல் மாத்திரைகள் பழைய எண்ணெயைப் போலக் கொடுமையானவை அல்ல. ஒரு வேளை மாத்திரை போதும். மலசலகூடங்கள் பெருகின, செருப்பணிவது வழக்கமாயிற்று. பாண்டு பிடித்து வீங்கிய முகங்கள் இன்று அரிது. ஆயினும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, பல ஆண்டு மாத்திரைக்குப் பின்னும் குடற்புழுக்கள் முற்றாக ஒழியவில்லை எனத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்கள் என்னும் பட்டியலில் மண்வழிப் புழுநோய்களையும் சிரங்கையும் சேர்த்திருக்கின்றது. புறக்கணிக்கப்பட்டது நோயா, அந்நோய்க்கு ஆளான மக்களா என்பது சிந்திக்கத்தக்கது.

நேயர்களே, இவ்வரலாறு நமக்கு விடுக்கும் கடமைகள் எளியவை. பிள்ளை மலைக்கோ கானோரத்துக்கோ வெறுங்காலோடு செல்லாதிருக்கட்டும். காலில் அரிப்புக் கண்டால் சேற்றுப் புண் என்று மஞ்சள் தடவி மறந்துவிடாதீர்கள்; வைத்தியரிடம் காட்டுங்கள். பாடசாலையில் தரும் புழு மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கட்டும். கர்ப்பிணிகள் மருத்துவத் தாதியின் ஆலோசனைப்படி இரும்புச்சத்து மாத்திரையை உட்கொள்ளட்டும். பீலியடியில் தேங்கும் சேற்றுக்கு வடிகால் அமையுங்கள். கல்லோ சீமெந்தோ இடுங்கள். உடைந்த மலசலகூடம் திருத்தப்படவில்லையாயின், தனித்தனியே முறையிடாமல் லயத்தார் யாவரும் ஒன்றுகூடி நிருவாகத்திடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் எழுத்தில் கேளுங்கள். 1916இல் மருந்து வந்தது, மலசலகூடம் வரவில்லை. அந்தக் குறை இன்னும் எந்த லயத்திலாவது எஞ்சியிருக்குமாயின், அதனை நிறைவு செய்வது நம் தலைமுறையின் பொறுப்பாகும்.