பஸ்ஸுக்குத் திரை போட்டுப் பள்ளிக்கூடம் நடத்தியவர்



குழுக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "எங்க போற, எப்ப வருவ?" என்ற கேள்வியைக் கேட்காதவர் நம்மில் குறைவு. நூறு வருஷத்துக்கு முன்னால் கல்கத்தாவில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர் பேகம் ரொக்கேயா.

1880-இல், இன்றைய வங்கதேசத்தின் பைராபந்த் கிராமத்தில் பிறந்தார். பெண்பிள்ளைகள் குர்ஆன் ஓதினால் போதும், ஆங்கிலம் எதற்கு என்று நினைத்த குடும்பம். எல்லாரும் தூங்கின பிறகு அண்ணன்தான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொல்லிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் சகாவத் உசேன் எழுதச் சொல்லி ஊக்கம் தந்தார். ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் நாட்டை ஆளும் கதை ஒன்றை ரொக்கேயா எழுதினார். 'சுல்தானாவின் கனவு' என்ற அந்தக் கதை 1905-இல் நம்ம சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில்தான் வெளியானது.

1909-இல் கணவர் இறந்துவிட்டார். அவர் ஒதுக்கிய பணத்தில் பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். சொத்துத் தகராறில் அங்கே இருக்க முடியவில்லை. 1911-இல் கல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளோடு மறுபடி ஆரம்பித்தார்.

கோஷா முறை கடுமையாக இருந்த காலம் அது. அதனால் பள்ளி பஸ்ஸை நாலு பக்கமும் மூடினார்கள். உள்ளே காற்றில்லாமல் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். சரி என்று திறந்துவிட்டுத் திரை போட்டார்கள். காற்றில் திரை பறக்கிறது, பத்திரிகையில் எழுதிவிடுவோம் என்று மிரட்டிக் கடிதங்கள் வந்தன! இருந்தும் பஸ் நிற்கவில்லை. பெண்களை அடைத்து வைப்பதைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய அவரே, பள்ளி நிலைக்க வேண்டும் என்று புர்கா போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டார். பெண்ணுக்குப் படிப்பு மறுப்பது மார்க்கத்துக்கே விரோதம் என்பது அவர் வாதம்.

1916-இல் முஸ்லிம் பெண்களுக்கென்று ஒரு சங்கமும் அமைத்தார். ஏழை விதவைகளுக்கு உதவியது, எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது. அந்தச் சங்கத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ரொம்ப வற்புறுத்தலுக்குப் பிறகு கூட்டத்துக்கு வந்த ஒரு பெண், முடிந்து கிளம்பும்போது, "சங்கம் சங்கம்னு கூப்பிட்டீங்களே, அது எங்கே? நான் பார்க்கவே இல்லையே!" என்றாராம். பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதுதான் சங்கம் என்பதே அன்றைக்குத் தெரியாது.

1932-இல் ரொக்கேயா மறைந்தார். அவருடைய பள்ளி இன்று அரசுப் பெண்கள் பள்ளியாகக் கல்கத்தாவில் நடக்கிறது.

உங்க குழுவில் படித்த மகளை வேலைக்கு அனுப்பத் தயங்கும் வீடு இருந்தால், குறை சொல்லிவிட்டு ஒதுங்காதீங்க. ரொக்கேயா மாதிரி ஒருமுறை நேரில் போய் உட்கார்ந்து பேசுங்க.